ஏலம் போகாத குடம்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பந்தலில் இடமில்லாமல் ரோட்டில் நின்று கேட்கிற உங்களுக்கும் வணக்கம். போதகரின் குரல் ஆலயத்துக்குள் ஒலித்தால் போதுமா, ஊர்ப் பிரச்சினையிலும் ஒலிக்க வேண்டுமா என்பது தலைப்பு. ஊர்ப் பிரச்சினையிலும் ஒலிக்க வேண்டும் என்பது எங்கள் அணி. சரி, நேரே கதைக்கு வருகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் சாத்தான்குளம் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது சில ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், போதகராக ஊழியம் செய்தேன். அன்றைக்கு அறுப்பின் பண்டிகை, விளைந்ததைச் சபையார் காணிக்கையாகக் கொண்டு வருகிற நாள். கோயிலுக்குள் கால் வைக்க இடம் கிடையாது. வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, காலைக் கட்டிப் போட்ட சேவல். நான் ஜெபத்தை முடிக்கிற நேரம் பார்த்துச் சேவல் கூவும், சபையே சிரிக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். எனக்குத் துணையாக ஊழியம் செய்த எங்கள் உபதேசியார்தான் ஏலம் விடுவார். ‘பூசணிக்காய் நூறு ரூபா, ஒரு தரம்! நூத்தம்பது, ரெண்டு தரம்!’ அடுத்த ஊருக்குக் கேட்கும் அவர் குரல்.

வருஷா வருஷம் பூசணிக்காய் கொண்டு வருகிற ஆச்சி ஒருவர் உண்டு. அந்த வருஷம் அவர் கொண்டு வந்தது ஒரு பிளாஸ்டிக் குடம். பச்சைக் குடம், வாய் ஓரம் நசுங்கியது. பயறு ஏதாவது இருக்கும் என்று உபதேசியார் எட்டிப் பார்த்தார். இல்லை. கவிழ்த்தும் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

‘என்ன ஆச்சி, வெறுங்குடமா இருக்கு?’

‘விளைஞ்சதைத்தானே கொண்டாரணும் ஐயா? எங்க தெருவுல இந்த வருஷம் இதுதான் விளைஞ்சது.’

உபதேசியார் என்ன செய்வார்? காணிக்கை என்று வந்துவிட்டால் ஏலம் விட்டுத்தான் ஆக வேண்டும். ‘குடம், பத்து ரூபா.’ யாரும் வாய் திறக்கவில்லை. ‘ஒரு தரம்.’ சேவல்கூட கூவவில்லை. ‘ரெண்டு தரம்.’ மூன்றாவது தரம் அவருக்கு வாயில் வரவில்லை. குடத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்.

பின்னால் நிற்பவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். பூசணிக்காய்க்கு நூற்றைம்பது கொடுத்த சபை அது. ஒரு சேவலுக்காக அண்ணனும் தம்பியும் போட்டி போட்டு எண்ணூறு வரை ஏற்றிய சபை. குடத்துக்குப் பத்து ரூபாய் சொல்ல ஆளில்லை. காசு இல்லாமலா? இல்லவே இல்லை. குடத்தை எடுக்கிறவன் அந்தத் தெருவின் தாகத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஊரில் மேல்நிலைத் தொட்டி இருந்தது. குழாய் மட்டும் அந்தத் தெரு முனையில் நின்றுவிட்டது. யார் குடியிருக்கிற தெரு என்பதால் நின்றது என்று நான் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்ட சமாரியப் பெண்ணைப் பற்றி அதே சபையில் மூன்று வருஷம் பிரசங்கம் செய்திருக்கிறேன். யாக்கோபின் கிணறு எவ்வளவு ஆழம் என்று விளக்கிய நான், ஆச்சி தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று ஒரு நாள் கேட்டதில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொல்லிப் பெரிய கைதட்டல் வாங்கினார். ‘போதகருக்கு மணி போதும், மைக் எதற்கு? அரசியல் பேச ஆசையென்றால் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்சி ஆபீசுக்குப் போகட்டும்’ என்றார்.

முதலில் மணி. தம்பி, கோயில் மணியை யாருக்காக அடிக்கிறோம்? உள்ளே வந்து உட்கார்ந்தவருக்கு மணி எதற்கு? வெளியே இருக்கிறவர் காதில் விழ வேண்டும் என்றுதானே அத்தனை உயரத்தில் கட்டியிருக்கிறோம்! எங்கள் ஊர்ப்பக்கம் கூரையில் தீப்பிடித்தாலும் அந்த மணியைத்தான் அடிப்பார்கள். மணி போதும் என்று நீங்கள் சொன்ன அந்த நிமிஷமே என் அணிக்கு வந்துவிட்டீர்கள்.

அடுத்தது அங்கி. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் என்று ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகூடச் சொல்லும். அவர் சிறையில் கிடந்ததை எத்தனை பேர் சொல்கிறோம்? 1708-ல் ஒரு தமிழ் நாவிதரின் விதவை, கணவரின் கடன் வழக்கில் நியாயம் கேட்டு நின்றாள். எதிராளி, தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். அவளுக்காகத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார் சீகன்பால்கு. கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைப் பிடித்து நான்கு மாதத்துக்கும் மேல் அடைத்து வைத்தான். அனுப்பி வைத்தது டென்மார்க் ராஜா, அடைத்ததும் டென்மார்க் அதிகாரி. இந்த மண்ணில் நம் சபைக்கு வித்திட்டவரே அங்கியோடு ஊர் வழக்குக்குள் போனவர்தான்!

கட்சி ஆபீஸ் விஷயத்தில் மட்டும் தம்பி சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பதை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் முறைகேடு என்கிறது. நல்ல சட்டம் அது. தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் ஆராதனை முடிவில் ஐந்து நிமிஷம் மைக் கேட்டார். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆச்சி கேட்டிருந்தால் ஐந்து மணி நேரம் கொடுத்திருப்பேன். கட்சிக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அவ்வளவுதான். நம் சபைகளின் நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் என்றால் ராத்திரி பகலாக அலைகிற நாம், தண்ணீர் என்றதும் பரலோகத்தைப் பார்த்து நிற்கிறோமே, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, அந்தத் தெருவே குடத்தோடு பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தது. முன்னால் உபதேசியார், பக்கத்தில் நான். அப்புறமும் மனு, அலைச்சல் என்று இரண்டு மழைக்காலம் போனது. ஒரு வழியாகக் குழாய் வந்தது. அதற்குள் ஆச்சி படுக்கையில் விழுந்துவிட்டார்.

வீட்டுக்கு நற்கருணை கொடுக்கப் போனேன். வாங்கினார். கண்ணை மூடி ஜெபித்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஐயா, என் குடம் ஏலம் போகலையே. அப்பம் அது என் குடம்தானே? திருப்பித் தாரும்’ என்றார்.

கோயிலுக்கு ஓடினேன். உடுப்பு அறையில் பைபிள்களுக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது. தெரு முனைக் குழாயில் நிறையப் பிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டேன். நசுங்கிய வாய், வழியெல்லாம் தளும்பியது. தம்பி, அங்கியைக் கழற்றவில்லை. ஆச்சி வாசலுக்குப் போய்ச் சேரும்போது அது முழுக்க நனைந்திருந்தது.

நன்றி, வணக்கம்.