நூல் அறுந்தால் தானே நிற்கும் தறி: சகிச்சி டொயோடா

வணக்கம் நண்பர்களே. டொயோடா என்றதும் எல்லோருக்கும் கார்தான் ஞாபகம் வரும், ஆனால் இன்றைக்கு நான் பேசப்போவது அந்தக் குடும்பத்தில் கார் செய்யாத மனிதரைப் பற்றி. சகிச்சி டொயோடா. தறி செய்தவர். எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

1867ல் பிறந்தவர், ஜப்பானில் இன்றைக்குக் கோசாய் என்கிற ஊர்ப்பக்கம். அப்பா தச்சர். அந்தப் பகுதியில் பெண்கள் வீட்டிலேயே கைத்தறி போட்டுப் பருத்தித் துணி நெய்தார்கள், இவருடைய அம்மாவும் நெய்தவர்தான். 1885ல் ஜப்பானில் காப்புரிமைச் சட்டம் வந்தது. புதிதாக ஒன்றைச் செய்தால் அதன் உரிமை உனக்கு என்று அரசாங்கமே சொல்கிறது, அது போதும் இந்தப் பையனுக்கு. 1890ல் டோக்கியோவில் பெரிய தொழிற்கண்காட்சி நடந்தபோது நாள்தோறும் போய் இயந்திரங்களுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்த ஆண்டே, 1891ல், முதல் காப்புரிமை. மரத்தறிதான். குறுக்கு நூலைச் சுமந்து இங்குமங்கும் ஓடும் நாடாவை இரண்டு கையாலும் மாற்றி மாற்றித் தள்ளி வாங்கிய இடத்தில் ஒரு கையால் இழுத்தாலே நாடா ஓடும்படி செய்தார். வேகம் நாற்பது, ஐம்பது சதவீதம் கூடியது. ஆனாலும் ஓட்டுவது மனித உடம்புதானே? 1896ல் விசைத்தறி செய்தார். வெளிநாட்டுத் தறிகள் முழுக்க இரும்பு, விலையோ சிறு முதலாளிக்கு எட்டாது. இவர் தறியின் சட்டகத்தை மரத்தில் செய்து, தேவையான இடத்துக்கு மட்டும் இரும்பு வைத்தார்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். விசைத்தறி பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊடை நூல், அதாவது குறுக்கே போகும் நூல், அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தால் துணி வீண். அதற்காகவே ஒரு ஆள் கண் இமைக்காமல் நிற்க வேண்டும். சகிச்சி அந்த 1896 தறியிலேயே ஊடை அறுந்தால் தானே நின்றுவிடும் அமைப்பை வைத்துவிட்டார். பின்னால் நீளவாக்கில் போகும் பாவு நூலுக்கும் அதே மாதிரி வந்தது: இழைகளில் மெல்லிய உலோகத் தகடுகள் தொங்கும், இழை அறுந்தால் தகடு விழும், தறி நிற்கும். எல்லோரும் இயந்திரத்தை எப்படி இன்னும் வேகமாக ஓட்டுவது என்று யோசித்த காலத்தில் எப்போது நிற்க வேண்டும் என்று யோசித்தாரே, அதுதான் அவருடைய மேதைமை என்று நான் நினைக்கிறேன். தவறு நடந்தால் தறியே நிற்கிறது என்றால் ஒரு ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். டொயோடா கார் ஆலையில் இன்றைக்கும் கோளாறு தெரிந்தால் உற்பத்தி வரிசையையே நிறுத்துகிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொழில் பக்கம் அவ்வளவு சுகமாகப் போகவில்லை. 1907ல் மற்றவர்கள் முதலீட்டில் தறிக் கம்பெனி தொடங்கினார்கள், 1910ல் இவரை வெளியேற வைத்துவிட்டார்கள். தன் பெயரிலேயே இருந்த கம்பெனியை விட்டு! நொந்துபோய் அமெரிக்கா போனார். அங்கே அட்ரினலினைப் பிரித்தெடுத்த விஞ்ஞானி ஜோக்கிச்சி தகமினேயைச் சந்தித்துப் பேசினார், அந்தப் பேச்சு இவருக்குத் தெம்பு கொடுத்தது. திரும்பி வந்து 1911ல் நகோயாவில் சொந்தமாக நெசவாலை வைத்தார். இந்த முடிவைக் கவனியுங்கள்: துணி விற்ற காசில் தறி ஆராய்ச்சி, தான் செய்த தறிக்குத் தன் ஆலையிலேயே சோதனை, யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம்.

1924ல் வந்தது ஜி வகைத் தானியங்கித் தறி. நூல் தீரப்போகும் நாடாவைத் தள்ளிவிட்டு, தறி ஓடும் வேகத்திலேயே புது நாடாவை உள்ளே விடும். மகன் கீய்ச்சிரோவும் இதில் சேர்ந்து உழைத்தார். விற்பனைக்கு விடுவதற்கு முன் காரியா என்கிற ஊரில் நூற்றுக்கணக்கான தறிகளை ஓட்டிப் பார்த்தார்கள். 1929 கடைசியில் இங்கிலாந்தின் ஓல்டாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ், அதாவது ஜப்பானுக்கே நூற்பு இயந்திரங்களை விற்ற கம்பெனி, இந்தத் தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது.

1930 அக்டோபரில் சகிச்சி இறந்துவிட்டார். 1933ல் ஜி வகைத் தறியைச் செய்த கம்பெனிக்குள்ளேயே கீய்ச்சிரோ கார்ப் பிரிவைத் தொடங்கினார், 1937ல் அது தனி நிறுவனமானது.

நகோயா பக்கம் போகிறவர்கள் சாகோ ரயில் நிலையத்தில் இறங்குங்கள். அந்த 1911 ஆலை இருந்த இடத்தில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது, ஜி வகைத் தறி அங்கே உண்டு. கார்ப் பக்கம் அப்புறம் போகலாம், முதலில் தறிகளைப் பாருங்கள்.