சிரிப்பு யாருடைய சொத்து?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொடக்கக் கால நகைச்சுவைக் குறும்படங்களின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் நடிகரா, எழுத்தாளரா என்னும் கேள்வியில் எழுத்தாளரின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், வசனமே இல்லாத ஊமைப் படத்தில் எழுத்தாளருக்கு என்ன வேலை என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிச் சென்றார். அவருக்கு விடையாக ஒரே ஒருவரின் தொழில்வாழ்க்கையை அவைமுன் வைக்கிறேன். அவர் பெயர் கிளைட் புரூக்மேன்.

1894-இல் கலிபோர்னியாவில் பிறந்து, செய்தித்தாளில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்த அவர், 1920-களின் தொடக்கத்தில் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் கதைக்குழுவில் சேர்ந்தார். அக்குழு முழுத் திரைக்கதையைத் தாளில் எழுதியதில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். எதிரணிக்கு அந்தச் சிரமம் வேண்டாம். ஆனால் ஜீன் ஹாவஸ், ஜோசப் மிட்செல், புரூக்மேன் ஆகியோர் கீட்டனோடு அமர்ந்து, கதை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தீர்மானித்த பிறகே கேமரா சுழன்றது. தாளில் இல்லாததனால் அது எழுத்து இல்லை என்று ஆகிவிடுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த ரயில் கடத்தலைப் பற்றிய நூலைக் கீட்டனிடம் கொடுத்து, 'தி ஜெனரல்' (1926) படத்துக்கு வித்திட்டவரும் புரூக்மேன்தான்.

பின்னர் இயக்குநரானார். லாரல், ஹார்டி என்ற நகைச்சுவை நடிகர் இணையின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927) என்ற குறும்படத்தை இயக்கினார். குடிப்பழக்கம் அந்த வாழ்க்கையைக் குலைக்க, 1935-க்குப் பிறகு படம் இயக்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. எஞ்சியது எழுத்து ஒன்றே. கொலம்பியா நிறுவனத்தின் இரண்டு சுருள் படங்களுக்கு, அதாவது இருபது நிமிடத்துக்குள் அடங்கும் சிரிப்புப் படங்களுக்கு, அவர் எழுதலானார்.

என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். மூக்குக்கண்ணாடியையே அடையாளமாகக் கொண்ட நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிட் நடித்த 'மூவி கிரேசி' (1932) படத்தின் இயக்குநராகத் திரையில் வந்த பெயரும் புரூக்மேனுடையதே. அதில் நாயகன் மந்திரவாதியின் கோட்டு ஒன்றைத் தெரியாமல் அணிந்துகொண்டு விருந்தில் படும்பாடு புகழ்பெற்ற காட்சி. அதே கோட்டினை 1942-இல் த்ரீ ஸ்டூஜஸ் என்ற நகைச்சுவை மூவரின் குறும்படம் ஒன்றில் அம்மூவருள் ஒருவரான கர்லிக்கும், 1943-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் 'சோஸ் யுவர் அங்கிள்' படத்தில் வேறொரு நடிகருக்கும் புரூக்மேனின் எழுத்து அணிவித்தது. லாயிட் தரப்பு யுனிவர்சல் மீது வழக்குத் தொடுத்தது. தொடர்ச்சியாக 57 காட்சிகள் எடுத்தாளப்பட்டன என்று கண்ட நீதிமன்றம் 40,000 டாலர் இழப்பீடு விதித்தது. 1947-இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

புரூக்மேன் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. பழைய சரக்கையே விற்றார் என்று எதிரணியினர் ஏளனம் செய்யலாம், செய்யட்டும். எடுத்தது யாருடைய அனுமதியுமின்றி என்பதும் உண்மை. ஆயினும் அந்த நீதிமன்றத்தில் எடைபோடப்பட்டது லாயிடின் முகமோ மூக்குக்கண்ணாடியோ அன்று. எந்த வேடிக்கைக்குப் பின் எந்த வேடிக்கை வரவேண்டும் என்ற கோவைதான். அதைக் கோப்பதற்குத்தான் எழுத்து என்று பெயர். இதில் கசப்பானது, அந்தக் கோவைக்குச் சட்டம் கண்ட உரிமையாளர் எழுத்தாளர் அல்லர், லாயிடின் நிறுவனம் என்பதே. புரூக்மேனுக்கோ வேலை அருகிற்று. 1955-இல் அவர் மறைந்தார்.

சிரிப்பு நடிகரின் உடம்பிலேயே குடியிருக்கிறது என்றால், இன்னொருவர் அந்தக் கோட்டை அணிந்தபோது லாயிட் ஏன் நீதிமன்றப் படியேறினார்? எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும், நடுவர் அவர்களே.