பொன்னாடைக்கு முன்னால் புரூஃப்

(வேலூரில், சிறு பதிப்பகம் ஒன்று தன் நூலாசிரியர்களைப் பாராட்ட நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலாசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மேசைமேல் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. தன் வாழ்க்கையை எழுதியவை சில, தான் நம்பும் வேதத்தையும் பாட்டையும் பற்றி எழுதியவை சில. இரண்டையும் வாசகர் சந்தேகப்படாமல் படிப்பார். தாத்தா எழுதிய வருஷத்தைப் பேரன் அப்படியே எடுத்துக்கொள்வான். அச்சில் இருக்கிற பாட்டை பக்தர் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார். அதனால் இந்தப் புத்தகங்களில் நுழைந்த பிழைக்கு ஆயுசு கெட்டி. எழுத்தாளருக்குப் பதிப்பகம் செய்ய வேண்டிய முதல் மரியாதை நல்ல புரூஃப், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது. பொன்னாடையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வாழ்க்கை வரலாற்றில் அதிகம் சறுக்குவது காலக்கணக்கு. "ஜய வருஷம் தை மாசம் பிறந்தேன்" என்று ஒரு பெரியவர் சொல்வார். ஜய வருஷம் 1954 என்று யாராவது குறித்துக்கொள்வார்கள். ஆனால் ஜய வருஷம் 1954 சித்திரையில் தொடங்கி 1955 பங்குனியில் முடிகிறது. ஆக அந்தத் தை மாசம் 1955 ஜனவரி, பிப்ரவரியில் வருவது. பள்ளிச் சான்றிதழிலோ ஜூன் 1 என்று இருக்கும், சேர்க்கைக்காக வாத்தியார் போட்ட தேதி. இரண்டையும் எழுதி, எது எதற்கு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் பிற்பாடு குழப்பம் இல்லை.

காசுக் கணக்கும் அப்படியே. 1952-இல் ஐம்பது பைசா கூலி வாங்கியதாக எழுதினால் அது தப்பு. தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதற்கு முன்னால் எட்டணா, அதற்குப் பின் சில வருஷம் நயா பைசா. 1970-இல் பிளஸ் டூ படித்ததாக வந்தால் அதுவும் நிற்காது, அப்போது இருந்தது கல்லூரியில் படிக்கிற புகுமுக வகுப்பு, பி.யூ.சி. மாவட்டப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். நம் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 1965-இல் நடந்ததைச் சொல்லும்போது "திருப்பத்தூர் மாவட்டம்" என்று எழுதக் கூடாது. திருத்துபவர் மேசையில் இந்தத் தேதிகள் ஒரு தாளில் ஒட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு குறை, வேலையைப் பற்றி எழுதாமல் விடுவது. தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் உழைத்தவர் "ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார். அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். தோலை முதலில் ஊறப்போட்டு, பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் கிடத்தி, முடி போக்கி, சதை சீவி, அதற்கப்புறம் ஆவாரம் பட்டைத் தண்ணியில் பதப்படுத்தி, கடுக்காய் போட்டார்களே, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள்? சுண்ணாம்பு தின்ற கைக்கு எதைத் தடவினார்கள்? பட்டைக்குப் பதில் குரோம் உப்பு போடுகிற குரோம் பதனிடல் வந்த பிறகு எந்த வேலைகள் போயின? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் குடும்பங்களின் இந்த அறிவு அவர்களே எழுதினால்தான் நிற்கும். இதைச் செய்த கைகள் எழுதிய புத்தகம் இங்கே இருப்பதில் எங்களுக்கு அளவில்லாத பெருமை.

எழுத வராதவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்யலாம். ஒரு அமர்வுக்கு நாற்பது நிமிஷம் போதும். பெரியவர்களுக்கு அதற்குமேல் களைப்பு வரும், சொன்னதையே சொல்வார்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். உரையாடலில் "இட்டுகினு வந்தாரு", "சொல்லிகினு இருந்தாங்க" என்று நம்ம ஊர்ப் பேச்சு வந்தால் கை வைக்காதீர்கள். கதை சொல்லும் பகுதியை மட்டும் பொதுத் தமிழில் சீராக்கினால் போதும்.

சமய நூல்களுக்கு வருகிறேன். கிருபானந்த வாரியார் பிறந்த காங்கேயநல்லூர் காட்பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் திருப்புகழைத் தப்பாக அச்சிடுவதை மன்னிக்க முடியாது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று சந்தி பிரித்தால் சந்தம் உடைந்துவிடும், பாட வராது. மூலத்தைச் சந்தப்படி அச்சிட்டு, பிரித்த வடிவத்தை அடியில் சிறிய எழுத்தில் தரலாம்.

கிறிஸ்தவ நூல் என்றால், எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுத்தது என்று பதிப்புப் பக்கத்தில் சொல்ல வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் பாதி, திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் பாதி என்று கலந்தால் சபையில் வாசிப்பவர் தடுமாறுவார். புதிய மொழிபெயர்ப்புகளுக்குக் காப்புரிமை உண்டு, நீளமாக எடுத்தால் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பழைய லத்தீன் எண் முறையில் 22-ஆக இருக்கும் சங்கீதம் மற்ற எண் முறையில் 23. அதையும் சரிபாருங்கள்.

இஸ்லாமிய நூலில் சிக்கல் வேறு. அரபு எழுத்துரு பிடிஎஃப்பில் பதியாமல் போனால் எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக, சில நேரம் தலைகீழ் வரிசையில் வந்து நிற்கும். தமிழ் மட்டும் அறிந்தவர் கண்ணுக்கு அது தெரியாது. பாக்கியாத்துஸ் சாலிஹாத் அரபிக் கல்லூரி இருக்கிற ஊர் இது, ஆலிம்களுக்கு, அதாவது மார்க்க அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. கணினித் திரையில் பார்ப்பதோடு விடாமல், பிரஸ்ஸிலிருந்து வந்த தாளை ஒருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். மை சரிபார்க்க ஓட்டிய தாள்கள் கழிவாக நிற்கும். ஆயத்து, அதாவது குர்ஆன் வசனம் அச்சான அந்தத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகக் கூடாது. தனிச் சாக்கில் கட்டி, முறைப்படி புதைக்கவோ கரைக்கவோ கொடுத்துவிட வேண்டும். இதை அச்சகத்தாரிடம் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

தயாரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நினைவு நூலுக்கு டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவு, 70 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ தாள் தாராளமாகப் போதும். பக்கங்களைப் பதினாறின் மடங்கில் முடித்தால் தாள் வீணாகாது. பாராயண நூலுக்கு மட்டும் வெறும் பசைக்கட்டு வேண்டாம். தினமும் விரித்து வைக்கிற புத்தகம், அதிலும் வேலூர் வெயிலில், முதுகு வெடித்து ஏடு ஏடாக உதிரும். ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள் கட்டு ஒவ்வொன்றாகத் தைத்து அட்டை போடுங்கள். கொஞ்சம் செலவு கூடும், ஆனால் பூஜை அறையில் இருபது வருஷம் கிடக்கும். கடைசி புரூஃபில் 'ஔ' இருக்கும் இடத்தையெல்லாம் தனியாகத் தேடுங்கள். ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியது பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து, தேடும்போது அகப்படாமல் போகும்.

புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சின்னப் பதிப்பாளர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். தபால் செலவைப் பார்க்காதீர்கள். நம் வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றாலும் அங்கே ஒன்று இருக்கும்.

கைப்பிரதி கொண்டு வந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் மங்கும். பழைய ஆல்பத்திலிருந்து பிய்க்கவும் வேண்டாம், பசையோடு முகம் உரிந்து வந்துவிடும். ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள், இங்கேயே ஸ்கேன் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம்.