முதலில் தொகை, அப்புறம் மண்டபம்

எல்லோருக்கும் வணக்கம். உட்காரும்போது உங்கள் நாற்காலியில் ஒரு வெள்ளைத் தாள் இருந்திருக்கும். அதை மடித்து விசிறிக்கொள்ள வேண்டாம். கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கல்யாண ஏற்பாடு என் தொழில் இல்லை. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கணக்கு நோட்டு என் கைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். சமையலும் தெரியாது, அலங்காரமும் வராது, இவளிடம் கணக்கையாவது கொடுப்போம் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்து வைத்தார். இன்றுவரை 17 நோட்டுகள் ஆகிவிட்டன.

போன மாதம் அவற்றை வரிசையாக வைத்துப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லா நோட்டிலும் முதல் வரி ஒன்றேதான்: மண்டபத்துக்கு அட்வான்ஸ். மொத்தம் இவ்வளவுதான் செலவழிக்கப் போகிறோம் என்ற வரி இரண்டே நோட்டுகளில் இருந்தது. அந்த இரண்டு கல்யாணங்களில்தான் கடைசி வாரம் யாரும் யாரிடமும் கைமாற்று கேட்கவில்லை.

மண்டபத்தை முதலில் பிடிப்பதில் என்ன தவறு? 500 பேர் உட்காரும் இடத்தைப் பிடித்துவிட்டால் அது 500 பேரைக் கேட்கும். "பாதி நாற்காலி காலியாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?" என்று ஒருவர் சொல்வார். அன்று சாயங்காலமே பட்டியலில் 60 பெயர் கூடும். இடத்துக்காக ஆள் தேடுகிற வேடிக்கை அப்புறம் நிற்காது.

கல்யாணச் செலவில் இரண்டு வகை உண்டு. ஒன்று தலைக்கு இவ்வளவு என்று ஏறுவது, இன்னொன்று ஏறாதது. போட்டோகிராபருக்கு 50 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒரே தொகைதான். மணமக்களின் உடையும் அப்படித்தான். ஆனால் சாப்பாடு, நாற்காலி, அழைப்பிதழ், பரிமாறும் ஆட்கள், வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அறை, வண்டி எல்லாம் தலையை எண்ணி ஏறும். இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் ஒன்று உண்டு. மேடைப் பூ என்ன நிறம் என்பதற்கு இரண்டு நாள் சண்டை நடக்கும். 60 பேரைச் சேர்க்கிற முடிவு ஒரே போன் பேச்சில் முடிந்துவிடும்.

அழைப்பிதழை எண்ணி ஏமாறுகிறவர்களும் நிறைய. "150 பத்திரிகைதான் அடித்தோம்" என்பார்கள். ஒரு பத்திரிகைக்கு மூன்று பேர் வந்தால் 450 பேர். எனவே பட்டியலில் 'குடும்பத்துடன்' என்று எழுதாதீர்கள். ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள், குழந்தைகள் பெயர் உட்பட. குழந்தையின் பெயர் தெரியாமல் பேனா நின்றுவிட்டால், அந்த வீட்டை அழைக்கத்தான் வேண்டுமா என்று அங்கேயே ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

அப்படியானால் ஆட்களை வெட்டு என்கிறாயா என்று கேட்பீர்கள். பாதிதான் சொல்கிறேன். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மணம் செய்துகொண்ட 3,000 பேருக்கு மேல் கேட்டு விவரம் திரட்டியிருந்தார்கள். கல்யாணத்துக்கு அதிகம் செலவழித்தவர்களின் மணவாழ்க்கை சீக்கிரம் முறிவதும், அதிகம் பேர் வந்திருந்த கல்யாணங்கள் நீடிப்பதும் அதில் தெரிந்தன. ஒன்றால்தான் மற்றொன்று வருகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கடன் சுமை, சொந்தபந்தத்தின் துணை என்று நடுவில் எத்தனையோ இருக்கலாம். ஆனாலும் என் நோட்டுகளோடு சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: வேண்டியவர்கள் எல்லோரும் வரட்டும், சாப்பாட்டு வகைகளைப் பாதியாக்குங்கள். மணமக்கள் இருவருக்குமே முகம் தெரியாதவர்களின் பெயரை மட்டும் அடியுங்கள். அவர் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய அப்பாவின் ஆபீஸ் நண்பராகத்தான் இருப்பார். அந்தப் பேச்சை அப்பாவிடமே விட்டுவிடுங்கள்.

கடனைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 100 கடன் வாங்கி, மாதத் தவணையாக 5 ஆண்டில் அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 140 கட்டியிருப்பீர்கள். அதாவது கடன் வாங்கி 5 பேருக்குச் சாப்பாடு போட்டால், நீங்கள் காசு கொடுப்பது 7 பேருக்கு. அந்த இரண்டு பேர் யார் என்று தவணை கட்டும் மாதமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்பளிப்பு வரும், அதை வைத்து அடைத்துவிடலாம் என்பதும் ஒரு வகைக் கடன்தான். வந்தால் சந்தோஷம், பட்ஜெட்டில் எழுதாதீர்கள்.

இனி நான் பட்ட அவமானம். என் மூன்றாவது நோட்டில் கொடுத்த பணத்தை மட்டும் எழுதிக்கொண்டே போனேன். கையில் பாதிக்கு மேல் மிச்சம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். கல்யாணத்தன்று சாயங்காலம் வாசலில் எட்டுப் பேர் பாக்கிக்காக நின்றார்கள். நான் எழுதியிருந்ததெல்லாம் வெறும் அட்வான்ஸ்! அன்றிலிருந்து மூன்று பத்தி போடுகிறேன்: பேசியது, கொடுத்தது, பாக்கி. யாரிடமாவது ஒரு தொகை பேசி முடித்த நிமிடமே அது செலவுதான், பணம் இன்னும் உங்கள் பையில் இருந்தாலும் சரி.

பேசும்போது தொகையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். அந்தத் தொகைக்குள் எது அடங்காது என்று கேளுங்கள். மின்சாரம், சுத்தம் செய்யும் கூலி, நேரம் கடந்தால் மணிக்கு எவ்வளவு, ஆல்பம் தனிக் கணக்கா, தேதி மாறினால் அட்வான்ஸ் திரும்ப வருமா, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சமையல்காரரிடம் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டா என்று அவசியம் கேளுங்கள். 300 என்று ஒத்துக்கொண்டு 220 பேர் வந்தாலும் 300க்குத்தான் பணம் கேட்பார்கள். உறுதியான எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை, எதிர்பாராத செலவுக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். எல்லோருக்கும் தெரிந்தால் அது மேடைப் பூவாகிவிடும்.

வார நாளில் வைத்தால் பல இடங்களில் வாடகை குறையும். லீவு கிடைக்காதவர்கள் வரமாட்டார்கள், பட்டியலும் தானாகக் குறையும். ஆனால் தாய்மாமாவுக்கோ உயிர்த்தோழிக்கோ லீவு கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

சரி, இப்போது அந்தத் தாளை எடுங்கள். கடன் வாங்காமல், அவசரத்துக்கு வைத்திருப்பதைத் தொடாமல், உங்களால் எவ்வளவு முடியும்? ஒரே ஒரு எண். கணவன் மனைவியாக வந்திருப்பவர்கள் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்காமல். ஐந்து நிமிடம் தருகிறேன். அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.