தேய்த்தால் இறங்கும் எழுத்து

(காட்சி: மேசை விளக்கின் கீழே பழைய லெட்ராசெட் தாள். பாதிக்கு மேல் காலி.)

இது லெட்ராசெட் தாள்: மேலே தேய்த்தால் எழுத்து கீழே உள்ள தாளில் ஒட்டிக்கொள்ளும். இதில் மிஞ்சியிருப்பவற்றைப் பாருங்கள். க்யூ இருக்கிறது, எக்ஸ் இருக்கிறது, இசட் வரிசையாக நிற்கிறது. ஈ மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் அதிகம் செலவாகும் எழுத்து அதுதான். நள்ளிரவில் ஈ தீர்ந்துபோனால் என்ன செய்வது? எஃப் ஒன்றை ஒட்டி, எல் எழுத்தின் அடிக்கோட்டை வெட்டி அதன் காலில் வைப்பார்கள். சின்ன எழுத்தில் யூ (u) இல்லையென்றால் என் (n) எழுத்தைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். கூர்ந்து பார்க்கிறவர்தான் கண்டுபிடிப்பார்.

1950களின் லண்டனில் ஒரு விளம்பரத் தலைப்பு வேண்டுமென்றால் இரண்டே வழி. அச்சுக்கோர்ப்பு நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது எழுத்து வரையும் கலைஞரைப் பிடிக்க வேண்டும். 1959இல் தொடங்கிய லெட்ராசெட் நிறுவனம் முதலில் விற்றது, தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகளை. ஈரக்கையோடு செய்யும் தொல்லை பிடித்த வேலை அது. 1961இல் தண்ணீர் தேவைப்படாத தாள் வந்தது. நிறுவனத்தின் தலையெழுத்தே மாறியது.

(காட்சி: வெள்ளைத் தாள்மேல் எழுத்துத் தாள். பேனா முனை நெருக்கத்தில்.)

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் பின்புறத்தில், இடவலம் மாற்றி, ஸ்க்ரீன் பிரிண்டிங் முறையில் எழுத்தை அச்சிடுகிறார்கள். அதன்மேல் மெல்லிய பசை. இப்போது மழுங்கிய முனையால் மேலே தேய்க்கிறேன். பிளாஸ்டிக் சற்றே இழுபடுகிறது. மைப்படலத்தால் அந்த அளவுக்கு இழுபட முடியாது, பிடியை விட்டுவிடுகிறது. கவனியுங்கள், கறுப்பு சாம்பல் நிறமாகிறது. எழுத்து இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அவசரப்பட்டுத் தாளைத் தூக்கினால் எழுத்தின் வால் மேலேயே தங்கிவிடும். அழுத்தித் தேய்த்தால் விரிசல் விழும். தவறினால் ஒட்டும் டேப்பை வைத்து உரித்து எடுத்துவிடலாம்.

'உடனடி எழுத்து' என்று விற்றார்களே, அது உடனடியாக உருவானதல்ல. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு எழுத்தையும் பெரிய அளவில், சிவப்பு மென்படலத்தில், கத்தியால் கையாலேயே வெட்டினார்கள். வளைவை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். கை தயங்கிய இடம் பிசிறாகத் தெரியும். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்துரு வடிவமைப்பாளர் ஃப்ரீடா சாக் 1972இல் இங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார். காலின் பிரிக்னல் 1964இல் வந்தபோது புகைப்படத் தொழில்நுட்ப வேலைக்குத்தான் வந்தார். மறு ஆண்டே 'கவுண்ட்டவுன்', 1969இல் 'ஆகன்' என்று எழுத்துருக்களைக் கொடுத்தார். கவுண்ட்டவுன் எழுத்துருவில் எதை எழுதினாலும் கணினியே பேசுவது போல இருக்கும். அன்று அது வருங்காலம். இன்று பார்த்ததும் அந்தப் பத்தாண்டு மணக்கிறது.

எழுத்துகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பதை ஒட்டுகிறவரின் கண்தான் முடிவு செய்தது. தாளில் எழுத்துக்கு அடியில் சிறு கோடுகளை அச்சிட்டு நிறுவனம் உதவிபார்த்தது. அனுபவசாலிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் பக்கம்தான் நானும்: ஏ பக்கத்தில் வி வந்தால், சாய்ந்த பக்கங்களால் இடைவெளி பெரிதாகத் தெரியும், அளவுகோல் பொய் சொல்லும்.

கட்டடக் கலைஞர்களின் வரைபடங்களுக்கு மரமும் மனிதரும், மின்னணுக் கருவிகளின் முகப்புப் பலகைக்கு எண்கள், குழந்தைகளுக்குத் தேய்த்து ஒட்டும் படங்கள் எனத் தாள்கள் பெருகின. பக்க மாதிரிகளை நிரப்ப, பொருளற்ற பத்திகளும் வந்தன. பண்டைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் இலத்தீன் உரைநடையைச் சிதைத்து எடுத்த 'லோரம் இப்சம்' 1960களில் இந்தத் தாள்கள் வழியாகத்தான் வடிவமைப்பாளர்களிடையே பரவியது.

1984இல் மேக்கின்டாஷ் கணினி, மறு ஆண்டு பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர். அந்தத் திரையில் ஈ தீர்ந்துபோகவே இல்லை. பேஜ்மேக்கரின் மாதிரிப் பக்கங்களுக்குள்ளும் அதே லோரம் இப்சம் போய் உட்கார்ந்துகொண்டது.

(காட்சி: மீண்டும் மேசைத் தாள். கடைசி க்யூவைத் தேய்க்கும் கை. பசை காய்ந்த எழுத்து பாதியில் உடைகிறது.)