வெடிப்பலா காய்க்க வேண்டுமானால்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு விலங்கினம் அருகி வருகிறது என்று செய்தி வந்தால், இன்னும் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று கேட்கிறோம். அது காட்டில் என்ன வேலை பார்த்து வந்தது, இனி அந்த வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய கவலை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், மேல்கோதையாற்றுக்கும் களக்காட்டு மலைகளுக்கும் இடைப்பட்ட மழைக்காட்டில் வெடிப்பலா என்ற உயரமான மரம் நிற்கிறது. அதன் பூவுக்கு இதழ் கிடையாது. சதைப்பற்றான குழல் ஒன்றுதான் உண்டு. காட்டில் பழம் அருகியிருக்கும் மாதங்களில் கிளைகளை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். அந்தச் சதைக்காக இரவில் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் வருகின்றன. பகலில் கருமந்தியும் சிங்கவால் குரங்கும் வருகின்றன. முகத்தில் ஒட்டிய மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகின்றன. களக்காட்டை அடுத்த காக்காச்சியில் நடந்த ஆய்வு, இந்த மரத்தின் மகரந்தச் சேர்க்கை பாலூட்டிகளை நம்பியிருப்பதைக் காட்டியது. வண்டும் தேனீயும் செய்யும் என்று நாம் நினைத்திருக்கும் வேலையை இங்கே வௌவாலும் மரநாயும் செய்கின்றன! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. பெண் குரங்கு முதல் குட்டியை ஈனவே ஆறு வயதுக்கு மேல் ஆகிறது. அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய 3 ஆண்டுகள். யானையின் கர்ப்பகாலமோ 22 மாதம் வரை நீள்கிறது. இப்படி மெல்லப் பெருகும் விலங்குகளில் சிலவற்றைக் கொன்றாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. கடைசி விலங்கு சாகும்வரை காடு காத்திருப்பதுமில்லை. எண்ணிக்கை குறைந்தாலே வேலை நின்றுவிடுகிறது. பெரிய விதைகளை விழுங்கித் தொலைவில் கொண்டுபோட யானை வராவிட்டால், அவை தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து எலிக்கும் பூச்சிக்கும் இரையாகின்றன. பெரிய விதையுள்ள மரங்களில் பல வைரம் பாய்ந்தவை, கார்பனை நெடுங்காலம் தேக்கி வைப்பவை. அவை இருந்த இடத்தைச் சிறுவிதை மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மலை பச்சையாகத்தான் தெரியும்.

எறும்புத்தின்னி எனப்படும் அலங்கையும் சொல்ல வேண்டும். கறையானையும் எறும்பையும் தின்று வாழும் அது, மண்ணைத் தோண்டிக் கிளறிவிடுகிறது. அது விட்டுப்போன வளையில் வேறு உயிர்கள் குடியேறுகின்றன. பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டி. நம் நகத்தில் இருக்கும் அதே பொருளாலான செதிலுக்காக அதைக் கொல்கிறார்கள். வௌவால் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் இதே போன்றதுதான். அதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கோடு குரங்குக்குத் தெரியாது. அது கிளைவிட்டுக் கிளை தாவி வாழ்கிறது; கிளைத்தொடர் அறுந்த இடத்தில் அதன் பயணமும் அறுந்துவிடுகிறது. வால்பாறையில் சாலைக்கு மேலே கட்டிய தொங்குபாலங்களில் சிங்கவால் குரங்குகள் கடந்து போகின்றன. நம் மலையடிவாரத்து ரப்பர் தோட்டக்காரர்களிடமும் மாறாமலைக் கிராம்புத் தோட்டக்காரர்களிடமும் நான் கேட்பது இதைவிட எளியது. மறுநடவின்போது ஓடைக்கரையில் நிற்கும் பழைய காட்டுமரங்களையும் அத்திமரங்களையும் வெட்டாதீர்கள். நிழலுக்கு மரம் வைப்பதானால் சில்வர் ஓக்குக்குப் பதிலாக இந்த மலையின் மரங்களையே வையுங்கள். வரிசை காடுவரை அறுபடாமல் போகட்டும்.