பாலத்தில் சாதகம்

எல்லாருக்கும் வணக்கம். பேண்டு செட் தம்பிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைக்குப் பேச்சு உங்களுக்குத்தான்.

தங்கச்சிமடத்தில் தேர்பவனிக்கு நான் சாக்ஸபோன் வாசிக்க ஆரம்பித்த காலத்தில் வீட்டில் சாதகம் பண்ண வழியே இல்லை, பக்கத்து வீட்டில் கைப்பிள்ளை. அதனால் பொழுது சாய்ந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாம்பன் கரைக்குப் போய்விடுவேன். கிட்டத்தட்ட இதே காரணத்துக்காக நியூயார்க்கில் ஒருவர் வீட்டை விட்டு வெளியே போய் வாசித்தார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பேர் சன்னி ராலின்ஸ்.

சாக்ஸபோன் என்றால் நமக்குக் கத்ரி கோபால்நாத் ஞாபகம் வரும், 'டூயட்' படம் ஞாபகம் வரும். அமெரிக்காவின் ஜாஸ் இசை உலகத்தில் ராலின்ஸ் அந்த மாதிரி. 1930ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் கரீபியக் கடலில் இருக்கும் வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள், நம்மைப் போலத் தீவுக்காரர்கள்தான். சின்ன வயதில் அம்மா பாடிக் கேட்ட மெட்டைத்தான் 1956ல் 'செயின்ட் தாமஸ்' என்று வாசித்தார்.

அதற்கு முன்னால் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஹெராயின் பழக்கம், கொள்ளை வழக்கு, ஜெயில். 1955ல் கென்டக்கியில் லெக்சிங்டன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து அந்தப் பழக்கத்தை விட்டார். வெளியே வந்து சிகாகோவில் துப்புரவு வேலையும் பார்த்திருக்கிறார்.

சரி, பாலத்துக்கு வருகிறேன். 1959ல் அவருக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை, பேரும் புகழும் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் ஊர் தன்னைப் புகழ்கிற அளவுக்குத் தான் வாசிக்கவில்லை என்று அவர் மனசுக்குப் பட்டுவிட்டது, கச்சேரிகளை நிறுத்திவிட்டார். வீட்டில் வாசிக்கலாம் என்றால் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண். அதனால் ஈஸ்ட் ஆற்றின் மேல் இருக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலத்து நடைபாதையில் போய் நின்றுகொண்டார். பக்கத்திலேயே ரயில் ஓடும், கீழே படகுகள் சங்கு ஊதும், இவர் அந்தச் சத்தத்துக்குப் பதில் வாசிப்பார். பனிக்காலத்திலும் விடவில்லை. சில நாள் பதினைந்து, பதினாறு மணி நேரம்.

கடல்காற்றில் வாசித்த நமக்கு அந்தக் கஷ்டம் புரியும். பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்த மாதிரிக் காற்றில் ஊதிப் பாருங்கள், உதட்டில் உப்புப் படியும், வாயில் வைத்து ஊதும் ரீடு என்ற நாணல் பட்டை சீக்கிரம் காய்ந்துபோகும், நாம் ஊதிய சத்தம் நம் காதுக்கே திரும்பி வராது. அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுத்தால்தான் உண்டு. ரூமுக்குள் வாசிப்பவனுக்கு இது பிடிபட நாளாகும். 1961 கடைசியில் ராலின்ஸ் மேடைக்குத் திரும்பினார், அடுத்த வருஷம் வந்த இசைத்தட்டுக்குப் பேரே 'தி பிரிட்ஜ்'.

அப்புறமும் மேடையை விட்டு விலகியிருக்கிறார். 1960களின் கடைசியில் பம்பாய்க்கு வந்து பவாய் ஆசிரமத்தில் சில மாதம் தங்கி யோகம் படித்தார்.

2001 செப்டம்பர் 11ஆம் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத்தைத் தாக்கினார்கள். அப்போது அவர் வீடு அங்கிருந்து சில தெரு தள்ளி, 39வது மாடியில். எல்லாரையும் காலி பண்ணச் சொன்னபோது எழுபத்தொரு வயது மனுஷன் சாக்ஸபோனைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அதே வாரம் பாஸ்டனில் கச்சேரி, போக வேண்டாம் என்றுதான் நினைத்தார், மனைவி லூசில் போகச் சொன்னார். 15ஆம் தேதி மேடை ஏறினார்.

அந்த ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. தம்பி, அந்த ஃபேனை நிறுத்துப்பா, ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டு.